தியோத்திவாக்கானுக்கு எப்படிப் போவது, யாரோடு போவது

மத்தியானம் 12:30. தியோத்திவாக்கான் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் நிற்கும், மெக்சிகோவின் மிகப் பெரிய பிரமிடுகளில் ஒன்று எங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாங்களோ ஒரு கடைக்குள் நிற்கிறோம். கறுப்புக் கண்ணாடிக் கல்லில் செதுக்கிய ஆமை, ஆந்தை, சூரியன், சதுரங்கக் காய்கள் என்று அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு குட்டிப் பிளாஸ்டிக் கோப்பையில் டெக்கீலா வேறு. அத்தை அதை வாங்கி, மோந்து பார்த்து, என் கையிலேயே திணித்துவிட்டுக் கேட்டார்: “மாப்பிள்ளை, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?”

பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. அடுத்த முறை அலுவலக வேலையாக மெக்சிகோ நகரம் போனபோது ஒரு நாளை மிச்சம் பிடித்து, அதே தியோத்திவாக்கானுக்குத் தனியாளாகச் சாதாரணப் பஸ்ஸில் போய்வந்தேன். இடம் ஒன்றுதான். பார்த்தது ஒன்றல்ல.

மெக்சிகோ நகரத்தில் விடுதி அறைக்குள் நுழைந்ததும் மேசைமேல் இருக்கும் முதல் துண்டுப் பிரசுரமே ‘பிரமிடுகள், ஒரு நாள் பயணம்’ என்றுதான் இருக்கும். அதில் விற்பது ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே மூன்று சாமான்: வண்டி, வழிகாட்டி, நடுவில் நிறுத்தும் இடங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை போடுவதால் மூன்றும் பிரிக்க முடியாதவை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். என் கட்சி வேறு. இந்த இடத்துக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும். வண்டி அப்படியல்ல. நடுவில் நிறுத்தும் இடங்கள் வேண்டுமா என்பது யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வழிகாட்டி ஏன் கட்டாயம்

மாமல்லபுரத்துக்கோ தஞ்சாவூருக்கோ போனால் நமக்குப் பாதி தெரியும். சாமி தெரியும், கதை தெரியும், ராஜா பெயர் தெரியும். தியோத்திவாக்கானில் அப்படி எந்தப் பிடிமானமும் கிடையாது. கட்டியவர்கள் தங்களை என்ன பெயரில் சொல்லிக்கொண்டார்கள் என்பதே தெரியாது. எந்த மொழி பேசினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. ஊரின் பெயர்கூட அவர்கள் வைத்ததல்ல. நகரம் அழிந்து பல நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பக்கம் வந்த அஸ்டெக்குகள் (ஸ்பானியர் வந்தபோது அங்கே ஆண்டுகொண்டிருந்த மக்கள்), இடிபாடுகளைப் பார்த்து அசந்துபோய், தெய்வங்கள் பிறந்த இடம் என்ற பொருளில் வைத்த பெயர் அது. ‘அஸ்டெக் பிரமிடு’ என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அஸ்டெக்குகளே அங்கே சுற்றுலாப் பயணிகள்தான்.

கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி எழத் தொடங்கிய நகரம் இது. உச்சத்தில் ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டரில் 1 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் நகரின் நடுப்பகுதி எரிந்து, ஊர் சரிந்தது. சூரியப் பிரமிடின் உயரம் சுமார் 65 மீட்டர். நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம்தான். ஆனால் அடியில் ஒவ்வொரு பக்கமும் 220 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. விமானம் அண்ணாந்து பார்க்க வைக்கும். இது மலை மாதிரி குந்தியிருக்கிறது. சிற்பம் இல்லை, எழுத்து இல்லை. விவரம் தெரியாமல் போனால் கல்மேடு, படிக்கட்டு, வெயில், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை நான் வாசலில் பிடித்த வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நுழைந்து பத்து நிமிடம் பிரமிடு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சுவரைக் காட்டி, “கற்களுக்கு நடுவில் இருக்கும் சாந்தைப் பாருங்கள்” என்றார். சாந்துக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அந்தப் பொடிக்கற்கள் இருக்கும் பகுதி பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் எடுத்துக் கட்டியது என்பதற்கான அடையாளம். இதைச் சொன்னபிறகு எந்தச் சுவருக்கு முன் நின்றாலும் கண் தானாக அந்தக் கற்களைத் தேடியது. நாம் பழையது என்று கும்பிட்டு நிற்பதில் எவ்வளவு புதியது என்று தெரிந்தபோது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சூரியப் பிரமிடுக்கே அப்படி ஒரு கதை உண்டு. 1905 முதல் 1910 வரை லெயோபோல்தோ பாத்ரேஸ் என்பவர் அதைத் தோண்டினார். 1910 மெக்சிகோ சுதந்திரப் போராட்டத்தின் நூற்றாண்டு; அதற்குள் பிரமிடைச் சீர்செய்து காட்டிவிட வேண்டும் என்று அரசுக்கு அவசரம். வெளி அடுக்கைப் பல மீட்டர் ஆழத்துக்கு உரித்தெடுத்துவிட்டார். இன்று நாம் பார்க்கும் அடுக்குகளில் ஒன்று மூலத்தில் இருந்ததே இல்லை, அவர் கைவேலைதான் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கும்பாபிஷேகத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாகப் பழைய மண்டபத்துக்கு சிமெண்ட் பூசுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா, அந்த ஜாதி.

அப்புறம் சாய்சுவரும் பலகையும். கீழே சாய்வாக ஒரு சுவர், அதன்மேல் சட்டம் போட்ட மாதிரி செங்குத்தான ஒரு பலகைச் சுவர். மறுபடி சாய்வு, மறுபடி பலகை. தாலுத்-தாப்லெரோ என்கிறார்கள். இந்த ஊரின் கையெழுத்தே அதுதான். 1000 கிலோமீட்டருக்கு அப்பால் குவாத்தமாலாவில் இருக்கும் திக்கால் என்ற மாயா நகரத்திலும் இதே அமைப்பு தலைகாட்டுகிறது. 378இல் மேற்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி அங்கே கல்வெட்டே இருக்கிறது. அவர்களுக்கும் தியோத்திவாக்கானுக்கும் தொடர்பு உண்டு என்பது பெரும்பாலானோர் கருத்து. இதெல்லாம் சுவரைக் காட்டிச் சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் மண்டையில் ஏறும்.

இதே ஊரில் முதல் முறை எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டியும் மோசமான ஆளில்லை. ஆனால் 40 பேரை மேய்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலுமாக இரண்டு தடவை சொல்ல வேண்டும், கழிப்பறை எங்கே என்று கேட்பவருக்கு வழி சொல்ல வேண்டும். பாவம், அவர் எதைத்தான் விளக்குவார்!

குழுப் பயணத்தின் கணக்கு

காசை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். காலை 7:30க்கு எங்களை ஏற்றினார்கள். மற்ற விடுதிகளைச் சுற்றி ஆள் சேர்த்து முடிக்கும்போது மணி 8:45. முதலில் த்லாத்தெலோல்கோ. 1521 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியருக்கு எதிரான அஸ்டெக்குகளின் கடைசி எதிர்ப்பு முடிந்த இடம்; 1968 அக்டோபர் 2 அன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே சதுக்கத்தில்தான். அவ்வளவு கனமான இடத்துக்கு எங்களுக்குக் கொடுத்தது 20 நிமிடம், அதில் பத்து நிமிடம் படம் எடுக்க.

அடுத்து குவாடலூப்பே மாதா பேராலயம். இங்கேதான் நான் சொல்லும் கணக்கு கொஞ்சம் உதைக்கும், ஏனென்றால் அத்தைக்கு அந்த நாளில் பிடித்ததே இதுதான். வருடா வருடம் வேளாங்கண்ணி போகிற இந்துக் குடும்பம் அவருடையது. 1531இல் ஹுவான் தியெகோ என்ற பழங்குடி மனிதருக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. அவருடைய மேலாடையில் பதிந்ததாகச் சொல்லும் உருவத்தைப் புதிய ஆலயத்தில் உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். கீழே விமான நிலையத்தில் இருப்பதுபோல ஓடும் நடைபாதை. நின்றால் போதும், அது நம்மை மாதாவின் முன்னால் கொண்டுபோய், அப்படியே அந்தப் பக்கம் இறக்கிவிடும். “திருப்பதியில இதை வைக்கச் சொல்லணும்” என்றார் அத்தை. நான்கு தடவை போய்வந்தார். பக்கத்திலேயே 1709இல் முடிந்த பழைய ஆலயம், ஏரி மண்ணில் அமிழ்ந்து கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து நிற்கிறது.

அதன்பிறகுதான் அந்தக் கடை. எல்லாக் குழுப் பயணங்களிலும் பெரும்பாலும் இது உண்டு, பெயர் மட்டும் ‘கைவினைக் கூடம்’ என்று இருக்கும். விற்பனைக்குத் தள்ளுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் முதல் பதினைந்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாகேய் என்கிற பெரிய கற்றாழையை வைத்து ஒருவர் வேலை காட்டினார். நம் ஊரில் தண்டவாளத்தோரம் வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழையின் சொந்தக்காரச் செடி. அதன் குருத்தை வெட்டிக் குழி பண்ணி, ஊறும் சாற்றை நீளமான சுரைக்காயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். அகுவாமியேல், அதாவது தேன்தண்ணீர். அதைப் புளிக்கவிட்டால் புல்கே. விளக்கவே வேண்டாம், பதநீரும் கள்ளும்தான். மரம் ஏறாமல் இறக்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே நாளில் கெட்டுப்போகும், புட்டியில் அடைத்தால் ருசி போய்விடும் என்று அவர் சொன்னபோது பனங்காட்டுக்காரர் பேச்சைக் கேட்கிற மாதிரியே இருந்தது.

சப்பாத்திக் கள்ளியில் வெள்ளையாகப் பஞ்சு பூத்ததுபோல் ஒட்டியிருக்கும் பூச்சியையும் நசுக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. கொச்சினீல் சாயம். இதற்கு நம்மோடு நிஜமாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சாயத்தைச் சென்னையிலேயே எடுத்துவிடலாம் என்று ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். கொண்டுவந்த பூச்சி தரம் குறைந்த வகை. சாயம் சரியாக வரவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது.

சரி, இத்தனையும் முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, நாங்கள் இடிபாட்டுக்குள் கால் வைத்தபோது மணி 2:15. நாலரைக்குப் பஸ் கிளம்பும் என்றார்கள். ஏறக்குறைய 2300 மீட்டர் உயரத்தில், ஒரு மரநிழல் இல்லாத கல்தரையில், உச்சி சாயாத வெயிலில் இரண்டேகால் மணி நேரம். ஒன்பது மணி நேரப் பயணத்தில் பிரமிடுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அதிலும் இறகுப் பாம்புக் கோயிலை விட்டுவிட்டார்கள், தெற்குக் கோடியில் தள்ளி இருக்கிறதாம்.

அதை விட்டது எவ்வளவு பெரிய குற்றம் என்று மறு வருடம்தான் புரிந்தது. தியோத்திவாக்கானில் கல்லில் செதுக்கிய முகங்களை அவை இருந்த இடத்திலேயே வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். இறகுப் பிடரியோடு பாம்புத் தலைகள் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. நடுநடுவே வட்டக் கண்ணாடி போட்டது போன்ற இன்னொரு முகம். அது மழைத் தெய்வம் என்பார் சிலர், போர்த் தலைப்பாகை என்பார் சிலர். பழங்காலத்திலேயே இந்த முகப்புக்கு முன்னால் இன்னொரு மேடையைக் கட்டி மறைத்துவிட்டார்கள். மறைத்ததால்தான் பிழைத்தது. அதனாலேயே, எதிரே இருக்கும் அந்த மேடையில் ஏறிப் பின்பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. 1980களில் இதன் அடியிலும் சுற்றிலும் பலியிடப்பட்ட மனிதர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். கைகள் பின்னால் கட்டிய நிலையில் பலர். 2003இல் பெரிய மழைக்குப் பிறகு கோயிலுக்கு முன் ஒரு குழி விழுந்தது. செர்ஹியோ கோமெஸ் என்ற தொல்லியலாளர் கயிறு கட்டி உள்ளே இறங்கிப் பார்த்தால், 100 மீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம். பல ஆண்டு தோண்டலில் பச்சைக்கல் சிலைகள், ரப்பர் பந்துகள், கடைசியில் திரவப் பாதரசம் வரை கிடைத்தது. சுரங்கத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். ஆனால் அதன் தலைக்கு மேல்தான் நிற்கிறோம் என்று சொல்ல ஆள் இருந்தால் நிற்கிற விதமே மாறிவிடும்.

பஸ்ஸில் தனியாகப் போனால்

மெக்சிகோ நகர மெட்ரோவில் 5ஆம் எண் தடம். ‘அவுத்தோபூசேஸ் தெல் நோர்த்தே’ என்று ஒரு நிலையம் வரும், அதாவது வடக்குப் பேருந்து நிலையம். வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய கட்டடம். உள்ளே இடது கைப் பக்கம் கோடிவரை நடந்தால் தியோத்திவாக்கான் பஸ்ஸுக்கான சீட்டுக் கவுண்டர். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ‘பிராமிதேஸ்’, அதாவது பிரமிடுகள், என்று எழுதிய பஸ்ஸில்தான் ஏற வேண்டும். சான் ஹுவான் தியோத்திவாக்கான் என்று பக்கத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் பஸ்ஸில் ஏறினால் ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எனக்கு ஸ்பானிஷில் பத்துச் சொல்தான் வரும். “பிராமிதேஸ்?” என்று ஓட்டுநரைக் கேட்டேன், தலையாட்டினார், முடிந்தது.

ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். போகும் வழியில் ஏகாதேபெக் மலைச்சரிவு முழுக்க வண்ணம் பூசிய வீடுகள், மேலே தொங்கும் கம்பிவட ஊர்தி. பஸ் செலவு போகவர, குழுப் பயணத்துக்கு நான் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஏழு மணிப் பஸ்ஸைப் பிடித்தால் திறக்கும் நேரத்தை ஒட்டி வாசலில் நிற்கலாம். அப்போது தெரியும் வித்தியாசம். 2 கிலோமீட்டருக்கு நீளும் ‘இறந்தோர் வீதி’யில் நானும் இரண்டு நாய்களும் ஒரு பெருக்குகிறவரும்தான். குழுப் பேருந்துகள் வந்து சேர பத்தரை, பதினொன்று ஆகும்.

வாசல் ஐந்து இருக்கிறது, எதில் இறங்குகிறோம் என்பது முக்கியம். நான் சொல்வது 1ஆம் வாசல். அங்கே இறகுப் பாம்புக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு வடக்கே நடந்தால் சூரியப் பிரமிடு, கடைசியில் சந்திரப் பிரமிடு, 3ஆம் வாசல் வழியாக வெளியே. வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிந்தாலும் வீதி சமதளம் அல்ல. குறுக்குச் சுவர்கள், ஏறி இறங்கும் படிகள் என்று நாலைந்து இடத்தில் மூச்சு வாங்கும். முட்டி வலிக்காரர்களைக் கூட்டிப் போனால் 2ஆம் வாசலில் இறங்கிச் சூரியப் பிரமிடை மட்டும் பார்க்க வையுங்கள்.

வழிகாட்டிகள் வாசலிலேயே நிற்பார்கள். சுற்றுலாத் துறை கொடுத்த புகைப்பட அட்டை கழுத்தில் தொங்கும். அதில் எந்த மொழிகளுக்கு அனுமதி என்றும் போட்டிருக்கும். அட்டை இல்லாதவரோடு பேச்சே வேண்டாம். எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு, ஆளுக்கா குழுவுக்கா என்பதை உள்ளே போகுமுன் பேசிக்கொள்ளுங்கள். நான் இரண்டு மணி நேரத்துக்குப் பேசி, அந்தக் கட்டணத்தை வாசலில் அறிமுகமான ஒரு கொலம்பியத் தம்பதியோடு பங்கு போட்டுக்கொண்டேன். பஸ், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்தும் குழுப் பயணத்தைவிடக் குறைவாகத்தான் ஆனது. என் பயணத்தில் காசு போன நல்ல வழி இதுதான்.

வழிகாட்டி விடைபெற்ற பிறகும் எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வேலிக்கு வெளியே தெபாந்தித்லா என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. நகரத்தில் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புத் தொகுதிகள் இருந்தன. பலர் வாழ்ந்தது அவற்றில்தான். தெபாந்தித்லா சுவரில் ஓவியம் இன்னும் மிச்சம் இருக்கிறது: குட்டிக் குட்டி மனிதர்கள் பட்டாம்பூச்சி துரத்துகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், நீந்துகிறார்கள், ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கால்புள்ளி மாதிரி ஒரு சுருள் வருகிறது. பேசுகிறார்கள் அல்லது பாடுகிறார்கள் என்று அர்த்தம். மொத்த நகரமும் ஒருகாலத்தில் சுண்ணாம்புப் பூச்சும் சிவப்பு வண்ணமுமாக இருந்தது என்று சொன்னால் நம்ப முடியாது, இந்தச் சுவரைப் பார்த்தால் நம்பலாம். நான் இருந்த அரை மணி நேரத்தில் அங்கே வேறு யாரும் வரவில்லை. குழுப் பயணத்தில் இதைக் கேட்டிருந்தால் வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டியிருப்பார்.

இந்த வழியில் குறைகளும் உண்டு. திரும்பும்போது சுற்றுச்சாலையில் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்க வேண்டும், கூட்ட நாளில் உட்கார இடம் கிடைக்காது, மாலைக்கு மேல் பஸ் இல்லை. சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சகஜம். “சின் மான்தேக்கா”, அதாவது கொழுப்பு வேண்டாம், என்று சொல்லிப் பாருங்கள். கள்ளிப் பட்டையை முள் நீக்கிச் சுட்டுத் தருவார்கள், வெண்டைக்காய் வழவழப்போடு நன்றாகவே இருக்கும்.

டாக்சி, தனி வண்டி, பலூன்

ஊபரில் போவது எளிது. திரும்பிவருவது எளிதல்ல. நகரத்துக்கு வெளியே வண்டி குறைவு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மூன்று பேர் அடுத்தடுத்து ரத்து செய்துவிட்டார்கள். நாலு பேர் குடும்பமென்றால் வழிகாட்டியோடு கூடிய தனி வண்டியை யோசிக்கலாம். தலைக்கு என்று பிரித்தால் குழுப் பயணத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கும். பதிவு செய்யும்போதே ‘கடை வேண்டாம்’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் இவர்களும் அதே கண்ணாடிக்கல் கடையில்தான் நிறுத்துவார்கள்.

பலூன் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். விடியலில் பிரமிடுக்கு மேல் மிதக்கும் படங்கள் அழகுதான், நான் போகவில்லை. 2023 ஏப்ரல் 1 அன்று தியோத்திவாக்கான் அருகே ஒரு பலூன் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்த செய்தியைப் படித்தபின் வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். மேலிருந்து பார்ப்பது படத்துக்கு. இடத்தைப் பார்க்க அப்புறமும் இறங்கி நடந்தே ஆக வேண்டும்.

கான்குனில் இருந்தால்

கடற்கரை விடுமுறைக்குக் கான்குன் போகிறவர்கள் கேட்பது சிச்சேன் இட்சா. மாயர்கள் கட்டியது, வேறு உலகம். நாலு பக்கப் படிகளும் உச்சிப் படியும் சேர்த்து 365 என்ற கணக்கு, இரவும் பகலும் சமமாகும் நாளில் படிச்சுவரில் நெளியும் நிழல் பாம்பு எல்லாம் இங்கேதான். ஏற அனுமதி பல வருடங்களாகவே இல்லை. சுமார் 30 மீட்டர்தான் உயரம். தியோத்திவாக்கான் பார்த்துவிட்டு வருபவருக்கு ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும், ஆனால் செதுக்கு வேலையில் இதுதான் ஒரு படி மேல்.

கான்குனிலிருந்து ஒரு பக்கமே 200 கிலோமீட்டர். இங்கே குழுப் பயணம் என்றால் நாள் முழுக்க பஸ்தான். நடுவில் செனோத்தே என்கிற இயற்கைப் பாறைக் கிணற்றில் குளியல், பஃபே சாப்பாடு, கடை. உச்சி வெயிலில் உள்ளே போய்த் தலைகளுக்கு நடுவே பிரமிடு பார்க்க வேண்டும். முதல் நாள் இரவே வாயதோலித் என்ற ஊரில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து சிச்சேன் இட்சா 45 கிலோமீட்டருக்குள்தான். காலையில் முதல் ஆளாக நுழைந்து, வாசலில் வழிகாட்டி பிடித்துக்கொள்ளலாம். கான்குன் இருக்கும் மாநிலத்தின் கடிகாரம், சிச்சேன் இட்சா இருக்கும் யுகதான் மாநிலத்தின் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அது போய்விடும். அன்றே விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். வெளிநாட்டினர் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு கட்டணம் கட்ட வேண்டும் என்பதையும் முன்னமே தெரிந்துகொண்டால் கவுண்டரில் சண்டை வராது.

சோலுலாவையும் சிலர் கேட்கிறார்கள். கன அளவில் உலகின் மிகப் பெரிய பிரமிடு. ஆனால் பார்ப்பதற்குப் புல் முளைத்த குன்று, உச்சியில் ஒரு தேவாலயம். அதை ஒட்டியிருக்கும் புவெப்லா நகரத்தில் இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு நல்லது. ஒரே நாள் கையில் வைத்திருப்பவர் அங்கே போக வேண்டாம்.

யாருக்கு எது

வயதானவர்கள் கூட வருகிறார்கள், மாதா கோயிலும் பார்க்க வேண்டும், எங்கே ஏறுவது எங்கே இறங்குவது என்ற கவலையே வேண்டாம் என்றால் குழுப் பயணம் எடுங்கள். அத்தைக்கு அதுதான் சரி, இன்றும் அந்த ஓடும் நடைபாதையைப் பற்றித்தான் பேசுகிறார். அப்படி எடுக்கும்போது நேராகப் பிரமிடுக்கு முதலில் போய், கோயிலும் கடையும் மதியத்துக்குமேல் வைத்திருக்கும் பயணமாகத் தேடுங்கள். அப்படியும் விற்கிறார்கள். பிரமிடுக்குள் எத்தனை மணி நேரம் என்று கேட்டு, மூன்றுக்குக் கீழே சொன்னால் விட்டுவிடுங்கள்.

நடக்கத் தெம்பிருக்கிறது, இடத்தைப் புரிந்துகொள்ளவும் ஆசை இருக்கிறது என்றால் பஸ், வாசலில் வழிகாட்டி. காசுக்கு யோசித்து வழிகாட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கும் முடியவில்லை என்றால் முந்தின நாளே சபுல்தேபெக் பூங்காவில் இருக்கும் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். இறகுப் பாம்புக் கோயில் முகப்பை முழு அளவில், வண்ணத்தோடு அங்கே செய்துவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த கண்ணோடு போனால் பாதி வழிகாட்டி கூட வந்த மாதிரி. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், கூட்டம் தாங்காது. மார்ச் 21ஐ ஒட்டி வெள்ளை உடுத்திய ஆயிரக்கணக்கானோர் சூரிய சக்தி வாங்க வருவார்கள். வேடிக்கை பார்க்க ஆசையிருந்தால் மட்டும் போங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை அடிக்கும். 2020இல் மூடியபின் சூரியப் பிரமிடில் ஏறவிடவில்லை. சந்திரப் பிரமிடில் 2025இல் கீழ்ப்பகுதி வரை மறுபடி அனுமதித்தார்கள். இந்த விதி மாறிக்கொண்டே இருப்பது, கிளம்பும் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், சில்லறைப் பெசோ. ஜாகுவார் உறுமும் ஊதுகுழலை விற்பவர்கள் உங்கள் காதுக்குப் பின்னால் வந்து ஊதுவார்கள், பயந்துவிடாதீர்கள். நான் இரண்டு வாங்கிவந்தேன். ஒன்று அத்தையிடம் இருக்கிறது, பேரனைச் சாப்பிட வைக்க ஊதுகிறார்.